தினமும்தான் பார்க்கிறோமே, தனியாக எதற்கு?

கேள்வி: பனியன் கம்பெனி ஒன்றில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். எனக்குக் கீழே 6 சூப்பர்வைசர்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொருவரோடும் தனித்தனியாக உட்கார்ந்து பேசச் சொல்கிறார் முதலாளியின் மகன். காலை எட்டரை மணியிலிருந்து லைனில் அவர்களோடுதானே நிற்கிறேன்? தனியாக வேறு என்ன பேசுவது?
- வாசகர், திருப்பூர்

பதில்: இதே வேலையில் நானும் பல வருடங்கள் இப்படித்தான் நினைத்திருந்தேன். “எத்தனை பீஸ் ஆச்சு? நூல் வந்துருச்சா?” என்று பவர் டேபிள் தையல் மெஷின்களின் சத்தத்துக்கு நடுவே கேட்பதே எனக்குப் பேச்சாக இருந்தது. நல்ல சூப்பர்வைசர் ஒருவர் கணக்கு முடித்துக் கிளம்பிய நாளில் சொன்னார்: “மூணு மாசமா உங்ககிட்டப் பேசணும்னு இருந்தேனுங்க. நீங்க ஓடிட்டே இருந்தீங்க.” அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

அதன் பிறகுதான் தனியாக உட்கார ஆரம்பித்தேன். செக்கிங் பார்க்கும் அம்மா முதல் தடவை “ஒண்ணுமில்லைங்க சார்” என்று சாவிக்கொத்தையே உருட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்துவிடவில்லை. கிளம்பும் நேரத்தில்தான் வாய் திறந்தார். “கழுத்துப் பட்டி ரிப்புக்கும் பாடி துணிக்கும் கலர் ஷேடு ஒட்டலைங்க. வாசல் வெளிச்சத்துல பார்த்தா தெரியுது. நம்ம டேபிள் லைட்டுல சாயங்காலம் ஆனா சந்தேகமாவே இருக்குது.” கட்டிங் மாஸ்டர் பக்கத்தில் நிற்கும்போது இதைச் சொன்னால் அவரைக் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடுமே! அதனால்தான் லைனில் வாய் திறக்கவில்லை. அன்றைக்கே மீதித் துணியை நிறுத்திச் சாயப்பட்டறைக்குத் திருப்பி அனுப்பினோம். இல்லாவிட்டால் பெட்டி கட்டிய பிறகுதான் தெரிந்திருக்கும்.

இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்டி குரோவ் 1983-லேயே இப்படித் தனியாக உட்கார்ந்து பேசுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்தச் சந்திப்பு கீழே வேலை செய்பவருக்கு உரியது, என்ன பேசுவது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது அவர் கருத்து. ஒரு மணி நேரமாவது வேண்டும் என்றார். நேரம் குறைந்தால் சட்டென்று முடிகிற சின்ன விஷயங்களை மட்டுமே எடுத்து வருவார்களாம். அந்த அம்மாவைப் பார்த்த எனக்கு இது நூற்றுக்கு நூறு சரி என்று படுகிறது. ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒரு மணி நேரம் முடியாது என்றால், முக்கால் மணி நேரத்துக்குக் கீழே குறைக்காதீர்கள். வேலைக்குப் புதியவர் என்றால் மாதம் ஒருமுறை போதாது, வாரம் ஒருமுறை உட்காருங்கள்.

சம்பளம் போடுகிற சனிக்கிழமை வேண்டாம், மனசு கணக்கில் இருக்கும். செல்போனை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். பீஸ் கணக்கை அங்கே எடுக்கவே எடுக்காதீர்கள். நாள் தள்ளிப்போனால் மறுநாளே உட்காருங்கள், விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், அவர் சொன்னதில் ஒன்றையாவது அடுத்த சந்திப்புக்குள் முடித்துவிடுங்கள். அந்தச் செக்கிங் டேபிளுக்கு மேலே மறுநாளே இரண்டு டியூப்லைட் மாட்டினோம். அடுத்த தடவை அந்த அம்மா வரும்போது கையில் ஒரு துண்டுச்சீட்டு. அதில் நான்கு விஷயங்கள் எழுதியிருந்தார்.