விரலில் ஒட்டிய தோலைப் பிய்க்காதீர்கள்

உங்கள் லெப்பர்ட் கெக்கோ (வீட்டில் வளர்க்கும் ஒரு பல்லி வகை) தோல் உரித்து மூன்று நாளாகியும் முன்கால் விரல் இரண்டில் பழைய தோல் வெள்ளையாக மோதிரம் போலச் சுற்றியிருக்கிறது, நகத்தால் இழுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அடியில் இருக்கும் புதுத்தோலும் சேர்ந்து வந்துவிடும். தானாக விழட்டும் என்று விடவும் கூடாது. வளையம் காய்ந்து இறுகினால் ரத்த ஓட்டம் நின்று விரலே போகும். என்னிடம் இருக்கும் கெக்கோவுக்கு ஒரு விரல் நுனி கிடையாது, என் அசட்டைதான்.

ஓட்டை போட்ட மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், பாதம் நனையும் அளவுக்கு மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள். 30 டிகிரி செல்சியஸ் போதும். 15-20 நிமிடம் அதில் இருக்கட்டும், நீங்களும் பக்கத்திலேயே இருங்கள். அப்புறம் ஈரமான பஞ்சுக் குச்சியை விரலின் அடியிலிருந்து நுனி நோக்கி மெல்ல உருட்டுங்கள். நனைந்த வெங்காயச் சருகு மாதிரி சுருண்டு வரும். வரவில்லையா, நாளைக்கு மறுபடி. வாலைப் பிடித்துவிடாதீர்கள், கழற்றிப் போட்டுவிடும்.

தொட்டி இருப்பது ஏசி அறை என்கிறீர்களே, தோல் ஒட்டிக்கொள்ளக் காரணம் பெரும்பாலும் அந்த வறண்ட காற்றுதான். வறண்ட நிலத்துப் பிராணி என்றாலும் பகலில் ஈரம் தங்கிய பொந்துக்குள் கிடப்பது அது. இன்னொரு டப்பாவில் வாசல் வெட்டி, உள்ளே ஈர டிஷ்யூவை விரித்து, தொட்டியின் சூடான பக்கத்தில் வையுங்கள். டிஷ்யூவை அடிக்கடி மாற்றுங்கள், பூஞ்சை பிடிக்கும்.

விரல் வீங்கினாலோ கறுத்தாலோ, கண்ணில் தோல் ஒட்டியிருந்தாலோ நீங்களே கை வைக்காமல் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். உரித்த தோலை அது தின்பதைப் பற்றிக் கேட்டீர்கள்; அது வழக்கம்தான்.