ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர்: சரக்கு வாங்கியவரிடம் மறுபடியும் பணம் கேட்கலாமா?

கேள்வி: நான் சென்னிமலையைச் சேர்ந்தவள். திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும் ஈரோடு ஜவுளிச் சந்தையில் போர்வையும் துண்டும் விற்கிறேன். சென்ற வாரம், பாலக்காட்டிலிருந்து வழக்கமாக வரும் வியாபாரி ஒருவர் 18,400 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தார். கடையில் தொங்கும் க்யூஆர் கோடு அட்டையை ஸ்கேன் செய்து பணம் அனுப்பினார். கைபேசித் திரையையும் காட்டினார். கூட்டத்தில் நான் என் கணக்கைப் பார்க்கவில்லை. விடிந்து பார்த்தால் பணம் வரவில்லை. எங்கள் கோடு மீது யாரோ வேறொரு ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார்கள். அன்றிரவு சில்லறையாக வாங்கிய ஏழெட்டுப் பேரின் பணமும் அப்படியே போய்விட்டது. அந்த வியாபாரியிடம் மறுபடியும் பணம் கேட்கலாமா? அவர் மறுத்தால், அடுத்த முறை வரும்போது அவருடைய சரக்கைப் பிடித்து வைக்கலாமா? என் கணவர் கடைப் பையன் மீது சந்தேகப்படுகிறார். அவன் சம்பளத்தில் கழிக்கலாமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே தொலைபேசியில் அழைத்து, உடனே 1930-க்குப் பேசச் சொன்னேன். இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. போன பணம் இன்னொரு கணக்குக்கு மாறுவதற்குள் அதை முடக்கிவிட்டால்தான் ஏதாவது மிஞ்சும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. வியாபாரியிடம் மறுபடியும் பணம் கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை என்பதே என் கருத்து. நெய்தவர் கூலி, சாயக் கூலி, வண்டி வாடகை எல்லாம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இது எப்படி வலிக்கும் என்று தெரிந்தே சொல்கிறேன். கடையில் கோடு தொங்கவிடுவது, 'இதில் போட்டால் எனக்கு வந்து சேரும்' என்று நீங்கள் ஊருக்குச் சொல்லும் வாக்கு. அதை நம்பி, உங்கள் கண்ணெதிரே, உங்கள் கடை அட்டையில் அவர் செலுத்தினார். ஒருவரை ஒன்றை நம்பச் செய்து, அதன்படி அவர் நடந்த பிறகு அதை மறுத்துப் பேசச் சட்டம் இடம் தருவதில்லை. அட்டையைக் காத்துக்கொள்வது கடைக்காரரின் பொறுப்பு என்றுதான் எந்த நீதிபதியும் தொடங்குவார்.

இதற்கு ஒரே ஒரு மறுவாதம் உண்டு. ரகசிய எண்ணை அழுத்தும் முன் திரையில் பணம் பெறுபவரின் பெயர் வரும். ஆண்டுக்கணக்கில் உங்கள் பெயரைப் பார்த்துப் பணம் போட்டவர், அன்று முன்பின் தெரியாத பெயரைப் பார்த்தும் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அழுத்தினாரா என்று கேட்கலாம். ஆனால் சந்தைக் கடைகளில் கணவர் பெயரிலும் மகன் பெயரிலும் மைத்துனர் பெயரிலும் கோடு இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அவர் அதைச் சொன்னால் உங்கள் வாதம் நிற்காது.

சரக்கைப் பிடித்து வைக்கவே வேண்டாம். விலை வராத சரக்கை விற்பவர் தன் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் சொல்வது உண்மை. ஆனால் அது அந்தச் சரக்கு உங்கள் கையில் இருக்கும்வரைதான். சென்ற வார மூட்டை வண்டி ஏறிப் போய்விட்டது. இந்த வார மூட்டையைப் பிடித்தால் குற்றம் உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

அவரைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பணம் புறப்பட்டது அவர் கணக்கிலிருந்து. யுபிஐ பரிமாற்றத்துக்குரிய 12 இலக்க எண் அவர் கைபேசியில் இருக்கிறது. அதை வைத்துத்தான் எந்த வங்கி, எந்தக் கணக்கு என்று காவல்துறை தொடர்ந்து போக முடியும். அவர் உங்கள் எதிராளி அல்ல, முதல் சாட்சி. 1930 உதவி எண்ணிலும் இணையக் குற்றப் புகார் தளத்திலும் அவரையும் புகார் கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் சான்று அந்த ஸ்டிக்கர்தான். கணவர் கோபத்தில் அதைக் கிழித்தெறிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1994-இல் ஜப்பானில் வாகன உதிரிப் பாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கப்பட்டது க்யூஆர் கோடு. கடைக் கோட்டின் உள்ளே இருப்பது பணம் போய்ச் சேர வேண்டிய யுபிஐ முகவரி. அது யார் கடையில் தொங்குகிறது என்று கைபேசிக்குத் தெரியாது. மூன்று மூலைகளில் உள்ள சதுரங்கள் எல்லாக் கோடுகளிலும் ஒன்றுபோலவே இருப்பதால் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. விரல் நகத்தால் ஓரத்தைத் தடவினால்தான் மேலே ஒட்டியது தட்டுப்படும். அந்த ஓரம் தெரியும்படி, பக்கத்துக் கடைக்காரரை உடன் வைத்துக்கொண்டு படம் எடுங்கள். பணம் எதுவும் செலுத்தாமல் ஸ்கேன் மட்டும் செய்து, திரையில் வரும் பெயரையும் யுபிஐ முகவரியையும் படமெடுத்து வையுங்கள். பிறகு அட்டையை அப்படியே காகித உறையில் போட்டுக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுதி வாங்குங்கள். எதிர்க் கடைகளில் கேமரா இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். பழைய பதிவு சில நாட்களில் அழிந்து புதியது ஏறிவிடும். அந்தப் பதிவை நீதிமன்றம் ஏற்க, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும் என்பதையும் காவல்துறைக்கு நினைவூட்டுங்கள்.

புகாரில், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4)-ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். ஏமாற்றிப் பொருளைக் கைப்பற்றுவதற்கு ஏழு ஆண்டுவரை சிறை. கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கான, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவையும் சேர்க்கச் சொல்லுங்கள். தொகை சிறியது என்று புகாரை வாங்க மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதிலும் பலன் இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனு போடலாம். சில்லறையாக வாங்கியவர்கள் யாரென்று தெரியாதது உங்கள் புகாருக்குத் தடையில்லை. முழுத் தொகையையும் உங்கள் விற்பனைக் கணக்கோடு எழுதிக் கொடுங்கள்.

வங்கி ஈடு கட்டும் என்று மட்டும் நம்பியிருக்காதீர்கள். மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நட்டமில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதி, வாடிக்கையாளருக்குத் தெரியாமலே பணம் போன நிகழ்வுகளுக்கானது. இங்கே வியாபாரியே ரகசிய எண்ணை அழுத்தியிருக்கிறார்.

கடைப் பையன் விஷயத்தில் உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். நூற்றுக்கணக்கானோர் நடமாடும் சந்தையில் யார் வேண்டுமானாலும் இரண்டு விநாடியில் ஒட்டியிருக்கலாம். அவனுடைய கவனக்குறைவுதான் நேரடிக் காரணம் என்று காட்டாமலும், அவன் தரப்பைக் கேட்காமலும் கூலியில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க முடியாது. நாலு பேர் முன்னால் திருடன் என்று சொன்னால் அது அவதூறு. அவனும் ஒரு வீட்டுப் பிள்ளை. சந்தேகம் இருந்தால் காவல்துறை விசாரிக்கட்டும்.

கடைசியாக ஒன்று. முடக்கப்பட்ட பணம் திரும்பினால், அது புறப்பட்ட இடத்துக்கே, அதாவது வியாபாரியின் கணக்குக்கே போக வாய்ப்பு அதிகம். அப்போது சரக்கும் பணமும் அவரிடம் இருக்கும். நல்ல மனிதர்தான், ஆனாலும் இப்போதே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: இன்ன தேதியில், இந்த 12 இலக்க எண்ணில் சென்ற 18,400 ரூபாய் முழுதாகவோ பகுதியாகவோ என் கணக்குக்குத் திரும்பினால், ஏழு நாட்களுக்குள் இவருக்குச் செலுத்துவேன். அதனுடன் அன்றைய பில்லின் கார்பன் படியையும் இணைத்து வைத்துக்கொள்ளுங்கள்.