எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, கால் மட்டும் ஊன்றவில்லை

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: எங்கள் லாப்ரடோர் நாய்க்கு 9 வயது. நான்கு மாதமாக முன் இடது காலை நொண்டுகிறான். இரண்டு தடவை எக்ஸ்ரே எடுத்தாயிற்று, எலும்பில் ஒன்றுமில்லையாம். வலி மாத்திரை கொடுத்தால் நாலு நாள் சரி, அப்புறம் பழைய கதைதான். இப்போது தோள் வேறு ஒட்டிப்போயிருக்கிறது. மூட்டுவாதமா?

தோள் ஒட்டிப்போனது என்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. ஊன்றாத காலில் சதை கொஞ்சம் வற்றத்தான் செய்யும். நரம்பு கெட்டால் சதை கரையும் வேகமே வேறு. ஓரிரு வாரத்தில் தெரிந்துவிடும். இரண்டு தோள்பட்டையையும் ஒரே நேரத்தில் தடவிப் பாருங்கள். இடப்பக்கம் மட்டும் எலும்பின் முகடு கத்திபோல் கைக்குத் தட்டுப்பட்டால், மூட்டை விட்டுவிட்டு நரம்பைத் தேட வேண்டும். நகத்தையும் பாருங்கள். பாதத்தை இழுத்து நடக்கும் நாய்க்கு நடு நகங்களின் மேல்பக்கம் தேய்ந்திருக்கும். சிமெண்டுத் தரையில் சரக், சரக்கென்று சத்தமும் கேட்கும்.

முன்காலுக்கான நரம்புகள் கழுத்தடியிலிருந்து கிளம்பி அக்குளில் பின்னிக்கொள்கின்றன. வயதான நாய்களுக்கு அந்தப் பின்னலில் நரம்பு உறைக் கட்டி வருவதுண்டு. எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால் மாதக்கணக்கில் மூட்டுவாத வைத்தியமே நடக்கும். அக்குளில் ஆழமாக அழுத்தினால் நாய் கத்தும், சிலவற்றுக்குக் கட்டியே விரலில் படும். சோதிக்கும்போது பலர் முழங்கை வரை அழுத்திப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்; ஆரம்பத்தில் நானும் அப்படித்தான். கழுத்து எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு ஒரு பக்கமாகப் பிதுங்கினாலும் நாய் காலைத் தூக்கியே வைத்திருக்கும், ஆனால் அதில் பெரும்பாலும் கழுத்தும் வலிக்கும்.

டாக்டரிடம் இரண்டு சோதனைகளைக் கேளுங்கள். முதுகுத் தோலைக் கிள்ளினால், ஈ உட்கார்ந்ததுபோல் இரு பக்கமும் சிலிர்க்க வேண்டும். இடப்பக்கம் சிலிர்க்காவிட்டால் பின்னலின் கீழ்ப்பகுதியில் கோளாறு. இடது கண்ணின் பாவை சுருங்கி, இமை தொங்கி, கண்ணின் உள்மூலையிலுள்ள மூன்றாம் இமை மேலேறியிருந்தால், கோளாறு தண்டுவடத்தை ஒட்டி வந்துவிட்டதோ என்று சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது எக்ஸ்ரேக்குக் காசு போடாதீர்கள். அந்தப் பணத்தை எம்ஆர்ஐக்கு வையுங்கள். மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுப்பார்கள். செர்டாங் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கி, வண்டி எடுக்குமுன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிதான் என்றால் பெரும்பாலும் காலையே எடுக்க வேண்டிவரும். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் மூன்று காலில் நாய்கள் நன்றாகவே ஓடும். தண்டுவடத்துக்குள் போய்விட்டால்தான் சிரமம்.

அதுவரை வீட்டிலிருக்கும் பனடோலையோ (பாராசிட்டமால்) ஐபுபுரோஃபெனையோ கொடுத்துவிடாதீர்கள். முன்னது ஈரலையும் ரத்தத்தையும் கெடுக்கும், பின்னது வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.