அட்டைக் கடி முதல் மாத்திரை டப்பா வரை: மலையிலிருந்து வந்த எச்.ஐ.வி. கேள்விகள்

வால்பாறை, கூடலூர் பக்கத்து எஸ்டேட்களிலிருந்தும் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. ஊர், பெயர், குடும்ப அடையாளம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன்.

கொழுந்து பறிக்கும்போது பக்கத்தில் நிற்பவரைக் கடித்த அட்டையே என்னையும் கடித்தால் எச்.ஐ.வி. வருமா?

வராது. அட்டை, கொசு, உண்ணி எது கடித்தும் இந்தக் கிருமி பரவியதில்லை. ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவது, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவது எதனாலும் வராது. பாதுகாப்பில்லாத உடலுறவு, பிறருக்குப் போட்ட ஊசியையே திரும்பப் போடுவது, பரிசோதிக்காத ரத்தம், தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தைக்கு: பரவும் வழிகள் இவைதான். திருவிழாவில் ஒரே ஊசியால் பலருக்குப் பச்சை குத்துகிறார்களே, அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மஞ்சள் காமாலைக் கிருமியும் அதே ஊசியில் வரும்.

போன வருடம் எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். நோய் இல்லை என்றார்கள். திரும்ப எதற்கு?

அது பெரும்பாலும் அரிவாள் செல் சோகைக்கான பரிசோதனையாக இருக்கும். இருளர், பணியர், குறும்பர் மக்களிடம் அந்தப் பரம்பரை நோய் கூடுதலாக இருப்பதால் நீலகிரியில் அடிக்கடி எடுப்பார்கள். அதில் எச்.ஐ.வி. தெரியாது. இங்கே தவறு உங்களுடையதில்லை. எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று உங்களுக்குப் புரியும் பேச்சில் சொல்லியிருக்க வேண்டியது வந்தவர்களின் கடமை. இனி யார் வந்தாலும், "இது எதுக்கு, முடிவை எப்போ சொல்வீங்க" என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள்.

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து டெஸ்ட் எடுக்கப் போவதாக சூப்பர்வைசர் சொல்கிறார். 'இருக்கு' என்று வந்தால் வேலையும், எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போய்விடுமா?

அப்படி எடுக்கக் கூடாது. 2017-இல் வந்து, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது. வேலைக்கு இந்த டெஸ்டை நிபந்தனையாக வைக்கக் கூடாது. தொற்று இருப்பதைக் காரணமாக வைத்து வேலையை விட்டோ வீட்டை விட்டோ அனுப்பக் கூடாது. நூறு பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் இதற்கென்று ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும். முடிவு உங்களுக்குத்தான் சொல்லப்பட வேண்டும். மேனேஜருக்கோ மேஸ்திரிக்கோ அதைக் கேட்க உரிமை இல்லை.

அதற்காக டெஸ்டே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கென்று இருக்கும் நம்பிக்கை மையத்துக்கு நீங்களே போகலாம். இலவசம்தான். கொஞ்சம் ரத்தம், அரை மணி நேரத்துக்குள் முதல் முடிவு. முகாமில் 'இருக்கலாம்' என்று வந்தால் அது இறுதி முடிவு இல்லை. மையத்தில் மூன்று வெவ்வேறு கிட் வைத்துப் பார்த்த பிறகுதான் உறுதி செய்வார்கள். அப்புறம், 1097 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம்.

வெளியூர் வேலைக்குப் போன இடத்தில் இரண்டு வாரம் முன்பு ஒரு தவறு நடந்துவிட்டது. நேற்று எடுத்த டெஸ்டில் 'இல்லை' என்று வந்தது. நிம்மதியாக இருக்கலாமா?

இன்னும் இல்லை. கிருமி நுழைந்த சில வாரங்களுக்கு டெஸ்டில் பிடிபடாமல் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி எடுங்கள். அதுவரை மனைவியுடன் ஆணுறை கட்டாயம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போனால் தொற்றைத் தடுக்க 28 நாள் மாத்திரை உண்டு. எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது.

ஐந்து மாத கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்திருக்கிறது. குடியிருப்பிலேயே பிரசவம் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். என்ன சொல்வது? (அங்கன்வாடி பணியாளர்)

முதலில் அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியது: உன் குழந்தை தொற்றில்லாமல் பிறக்க முடியும். சிகிச்சையே இல்லாவிட்டால் நூற்றுக்கு 45 குழந்தைகள் வரைகூடத் தொற்றலாம். எச்.ஐ.வி. மாத்திரையை ஒழுங்காக எடுத்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். ஐந்தாம் மாதம் தாமதம் இல்லை, இந்த வாரமே தொடங்கச் சொல்லுங்கள். ஒரு நுணுக்கம். இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் இந்த மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இதன் வேலை குறையும். இரண்டையும் சாப்பாட்டோடு எடுக்கலாம்.

பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும். சிசேரியன் கட்டாயமில்லை. மழைக்காலத்தில் மலைச் சாலையை நம்ப முடியாது. அதனால் தேதிக்குச் சில நாள் முன்பே கூட்டிப் போய்விடுங்கள். பழங்குடிப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் இதற்கென்றே காத்திருப்பு அறை இருக்கிறது. பிறந்ததும் குழந்தைக்கு மருந்து கொடுப்பார்கள். தாய் மாத்திரை எடுத்துக்கொண்டே பால் கொடுக்கலாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான். பிறந்த உடனே தேனும் சர்க்கரைத் தண்ணீரும் தொட்டு வைக்கும் பழக்கம் இங்கே வேண்டாம் என்று பாட்டியிடம் நீங்கள்தான் பேச வேண்டும். ஆறாவது வாரத்தில் குழந்தைக்கு முதல் டெஸ்ட், பதினெட்டு மாதத்தில் இறுதி டெஸ்ட். கணவரையும் டெஸ்டுக்கு வரச் சொல்லுங்கள்.

முகாம் போட்டால் ஆளே வருவதில்லை. மக்களுக்கு அக்கறை இல்லையா? (களப்பணியாளர்)

அக்கறை இல்லாமல் இல்லை. நீங்கள் எத்தனை மணிக்கு முகாம் போட்டீர்கள்? காலை பத்து மணிக்குக் கொழுந்துக் காட்டில் இருப்பவர் உங்களிடம் வந்தால் அன்றைய கூலி போகும். ஞாயிற்றுக்கிழமையோ, வேலை விட்டு வந்த பிறகு லைன் பக்கத்திலோ போடுங்கள். 'எச்.ஐ.வி. முகாம்' என்று பேனர் கட்டாதீர்கள். அதன் கீழே உட்காருபவரை ஊரே பார்க்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய் எல்லாம் பார்க்கும் இடத்தில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும். ஆனால் எதற்கான டெஸ்ட் என்பதை ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் எடுக்க வேண்டும்.

லைன் வீட்டில் சுவருக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அங்கே ரகசியம் காப்பது லேசான காரியமில்லை. அதனால் முடிவு சொல்லும் இடம் தனியாக இருக்க வேண்டும். 'இல்லை' என்று வந்தவரிடமும் அதே பத்து நிமிடம் பேசுங்கள். இல்லாவிட்டால் யார் உள்ளே அதிக நேரம் இருந்தார் என்பதை வைத்தே வெளியே கணக்குப் போட்டுவிடுவார்கள். காடர், முதுவர் குடியிருப்புக்குப் போகும்போது ஊர்த் தலைவரான மூப்பனிடமும் அங்கே மதிக்கப்படும் பெண்களிடமும் முதலில் பேசுங்கள். ஆனால் யாருடைய முடிவையும் மூப்பனிடம் சொல்லாதீர்கள். ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்களிடம் தமிழ்த் துண்டறிக்கையை நீட்டிப் பயனில்லை. அவர்களில் ஒருவரையே பேசப் பழக்குங்கள். அவர்கள் ஊர் திரும்பினால் சிகிச்சையை எச்.ஐ.வி. மாத்திரை தரும் அங்குள்ள ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் சொல்லுங்கள்.

மாத்திரை டப்பாவைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துவிடுவார்களோ என்று பயம். காகிதத்தில் மடித்து வைக்கலாமா?

வேண்டாம். மலை ஈரத்தில் மாத்திரை கெட்டுப்போகும். டப்பாவுக்குள் இருக்கும் சிறு பொட்டலம் ஈரத்தை உறிஞ்சத்தான், அதை எறிந்துவிடாதீர்கள். காலாவதித் தேதியைக் குறித்துக்கொண்டு மேலே ஒட்டியிருக்கும் லேபிளை மட்டும் கிழித்துவிடலாம். கிருமி கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்தே தருவதுண்டு. அடுத்த முறை போகும்போது கேட்டு வாங்குங்கள், பஸ் செலவும் மிச்சம்.