கச்சான் காலத்தில் ஸ்கிம்மர் நுரை ஏன் இறங்குகிறது?

கடல்நீர் மீன்தொட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 200 லீற்றர் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. கீழே தடுப்பு எதுவும் இல்லாத சம்ப் (மேல் தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீர் விழுந்து, பம்பால் திரும்ப மேலே போகிற சிறு தொட்டி), அதற்குள் புரோட்டீன் ஸ்கிம்மர் (காற்றுக் குமிழியால் நுரை எழுப்பி, அழுக்கை அதன் கழுத்து வழியாக மேலே உள்ள கப்பில் சேர்க்கிற கருவி). மாசியில் வாங்கியபோது இரண்டு நாளைக்கு ஒருமுறை கப் நிறைய அழுக்கு வந்தது. வைகாசிக்குப் பிறகு நுரை கழுத்துக்கு ஏறுவதே இல்லை. வற்றியதற்குத் தண்ணீர் ஊற்றுகிற அன்று மட்டும் பொங்கி வழிகிறது, இரண்டொரு நாளில் மறுபடி இறங்கிவிடுகிறது. கடையில் கேட்டால் இதைவிடப் பெரியதாக ஒன்று வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
வாசகர், உப்புவெளி

பதில்: இப்போதைக்குப் பணத்தை எடுக்க வேண்டாம். விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர் ஊற்றிய அன்று பொங்குகிறது, பிறகு இறங்குகிறது என்றால் ஸ்கிம்மர் பழுதாகவில்லை, அது நிற்கிற தண்ணீரின் மட்டம்தான் மாறிக்கொண்டே இருக்கிறது.

கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் நம் பக்கம் கொடியில் போட்ட துணி எந்த வேகத்தில் காய்கிறது என்று தெரியும்தானே, தொட்டித் தண்ணீரும் அப்படித்தான் போகும். என் வீட்டு 180 லீற்றர் தொட்டியில் அந்த நாட்களில் தினமும் மூன்று லீற்றர் வற்றுகிறது. உங்கள் சம்ப் 60 சென்றிமீற்றர் நீளமும் 30 அகலமும் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு சென்றிமீற்றர் உயரம் என்பது 1.8 லீற்றர். மூன்று லீற்றர் வற்றினால் மட்டம் ஒன்றரைக்கு மேல் இறங்கும், மூன்று நாள் விட்டால் ஐந்து சென்றிமீற்றர். மேல் தொட்டியில் தண்ணீர் அதே இடத்தில் நிற்கும், வற்றியதெல்லாம் சம்பில்தான் தெரியும் என்பதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. வெளியே மட்டம் இறங்கினால் ஸ்கிம்மரின் உடலுக்குள்ளும் இறங்கும், நுரை கழுத்தை எட்டாது. அப்புறம் ஒரேயடியாக ஒரு வாளியை ஊற்றும்போது உள்ளே ஏறி, நுரைக்குப் பதிலாக வெறும் தண்ணீரே கப்புக்குள் வழிகிறது.

செய்ய வேண்டியது இது. சம்புக்குள் ஒரு கண்ணாடித் தடுப்பை மீன்தொட்டிக்குரிய சிலிக்கோனால் ஒட்டி இரண்டு அறையாக்கி, மேலிருந்து வரும் தண்ணீர் முதலில் ஓர் அறைக்குள் விழுந்து, தடுப்பின் விளிம்பைத் தாண்டி வழிந்து அடுத்த அறைக்குப் போகும்படி வையுங்கள். ஸ்கிம்மர் முதல் அறையில். எவ்வளவு வற்றினாலும் அந்த அறையின் மட்டம் விளிம்போடு நிற்கும், குறைவது பம்ப் உள்ள அறையில் மட்டும். ஓடுகிற தொட்டியின் சம்பைக் கழற்ற மனம் வராவிட்டால், உணவு வைக்கிற தரமான பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை சம்புக்குள் வைத்து, ஸ்கிம்மரையும் மேலிருந்து வரும் குழாயையும் அதற்குள் விட்டாலும் இதே பலன் கிடைக்கும். தடுப்பு எத்தனை உயரம் என்பதை உங்கள் ஸ்கிம்மரோடு வந்த தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள், பெரும்பாலானவை 15 முதல் 25 சென்றிமீற்றருக்குள் ஏதோ ஒரு அளவைக் கேட்கும். அறை ஆழமாக இருந்தால் அடியில் ஒரு மேடை கட்டி ஸ்கிம்மரை உயர்த்தலாம். வற்றியதற்கு ஊற்றுவது உப்பில்லாத ஆர்ஓ தண்ணீராகவே (நுண்ணிய சவ்வு வழியாக வடிகட்டியது) இருக்கட்டும், மூன்று நாளைக்கு ஒரு வாளி என்றில்லாமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு நன்மையும் உண்டு. மாரியில் கடல் கொந்தளிக்கும்போது கரையில் மஞ்சள் நுரை ஒதுங்குமே, ஸ்கிம்மர் செய்வது அதே வேலைதான். மீன் கழிவிலும் உணவிலும் இருந்து கரைகிற பல பொருட்களின் மூலக்கூறுகளுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை தண்ணீரை விட்டு விலகப் பார்க்கும். அப்படிப்பட்டவை காற்றும் தண்ணீரும் சந்திக்கிற இடத்தைத் தேடிப் போய் நிற்கும். அந்த இடம் குமிழியின் தோலாகவும் இருக்கலாம், தொட்டியின் மேற்பரப்பாகவும் இருக்கலாம். ஆகவே மேற்பரப்பிலிருந்து வழிந்து வருகிற தண்ணீர் வேறெங்கும் கலக்காமல் நேராக ஸ்கிம்மருக்குப் போனால் அழுக்கு அதிகம் உள்ள தண்ணீரே அதற்குக் கிடைக்கும்.

மட்டம் சரியான பிறகும் நுரை சோர்வாக இருந்தால் காற்றைப் பாருங்கள். காற்றுக்குழாயின் நுனியில் விரலை வைத்தால் இழுப்பு தெரிய வேண்டும். குழாய் பம்போடு சேருகிற இடத்தில் கடல்நீர் தெறித்துக் காய்ந்து உப்பு கட்டியாகி வாயை அடைத்துவிடும், அது முழுதாக அடைபடும்வரை நமக்குத் தெரியாது, நாளுக்கு நாள் குமிழி குறைந்துகொண்டே போகும். கிழமைக்கு ஒருமுறை, ஸ்கிம்மர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, குழாயின் நுனியை அரைக் குவளை இளஞ்சூடான ஆர்ஓ தண்ணீருக்குள் விடுங்கள், பம்ப் அதை இழுத்து உப்பைக் கரைத்துவிடும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி, வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்த வாளிக்குள் இரண்டு மூன்று மணி நேரம் ஓட விடுங்கள். நிறமுள்ள தென்னை வினாகிரி வேண்டாம். ஊசி ஊசியாக இருக்கும் சக்கரத்தில் படிந்த சுண்ணாம்பு நுரைத்துக் கரைவது கண்ணுக்கே தெரியும். சக்கரத்தை வெளியே எடுக்கும்போது நேராக இழுங்கள், அதன் நடுவிலுள்ள பீங்கான் தண்டு சாய்த்து இழுத்தால் முறிந்துவிடும்.

கழுத்தை மறக்க வேண்டாம். உள்பக்கம் பிசுபிசுப்பாக ஒரு படலம் ஏறியவுடன் நுரை அதில் பட்டு உடைந்து கீழே விழும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும். சவர்க்காரம் வேண்டாம், அதில் துளி மிஞ்சினாலும் கப் பொங்கி வழியும்.

அப்புறம் எண்ணெய். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் ஸ்கிம்மர் படுத்துக்கொள்ள முக்கிய காரணங்களில் ஒன்று இது. தலைக்கு எண்ணெய் வைத்த கையைத் தொட்டிக்குள் விடுவது, குசினிக்கு அருகில் தொட்டியை வைத்துவிட்டு மீன் பொரிப்பது, சந்தையில் வாங்கிய சூடை, கீரி மீனை நறுக்கி அப்படியே போடுவது எல்லாமே நுரையை உடைக்கும். இறாலோ கணவாயோ நறுக்கி, ஒரு முறை அலசிப் போடுங்கள். உணவு போட்டபின் சில மணி நேரம் நுரை விழுந்து பிறகு தானாக எழுவது வழமையானது, அதற்காகக் காற்றைத் திருகிக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு மாற்றம் செய்தால் ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள்.

பெரியதை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், மீன் குறைந்த தொட்டிக்குப் பெரிய ஸ்கிம்மரை வைத்தால் கழுத்து நிறைய நுரை நிற்கிற அளவுக்கு அழுக்கே கிடைக்காது, நாள் கணக்கில் வெறுமையாக ஓடும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் பல வகை ஸ்கிம்மர்களை வைத்து அளந்து பார்த்தபோது, தண்ணீரில் கரைந்திருந்த மொத்தக் கரிமக் கழிவில் 20 முதல் 30 வீதம் அளவில்தான் அவை எடுத்தன. மிச்சத்துக்குத் தண்ணீர் மாற்றம், வடிகட்டும் கரி, உயிருள்ள கல் (கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வாழ்கிற கல்), அளவான உணவு. பெரிய ஸ்கிம்மருக்குப் போகிற காசில் ஒரு நல்ல ஆர்ஓ வடிகட்டி வாங்கினால் உங்கள் தொட்டிக்கு அதைவிட நல்லது.

கேள்வி: நான் உப்பு வாங்குவதில்லை, கடல்நீரையே கொண்டுவந்து மாற்றுகிறேன். கோடையில் நன்றாக நுரை வந்தது. மார்கழியில் துறைமுகப் பக்கம் எடுத்த தண்ணீரை ஊற்றியதிலிருந்து குமிழி பெரிதாகி நுரை நிற்கவில்லை.
வாசகி, திருகோணமலை

பதில்: முதலில் உப்பை அளந்து பாருங்கள். மகாவலி வந்து விழுவது துறைமுகத்தை அடுத்த கொட்டியாரக் குடாவில். மாரி மழையில் அந்த ஆற்றுத் தண்ணீரும் ஊர் வெள்ளமும் கலந்து, மேலாக நிற்கிற தண்ணீரில் உப்பு குறைந்துவிடும். உப்பு குறையக் குறைய சிறு குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடைந்துபோகும், நன்னீரில் ஸ்கிம்மர் வேலை செய்யாததும் இதனால்தான். உங்கள் தொட்டித் தண்ணீரின் ஒப்படர்த்தி (உப்பைக் காட்டும் அளவு) 1.025 அருகில் இருக்க வேண்டும். அதைவிட நன்றாகக் குறைந்திருந்தால் ஒரே நாளில் ஏற்றிவிடாமல் சில நாட்களாக மெல்ல ஏற்றுங்கள், மீன் தாங்காது. துறைமுகத் தண்ணீரில் வள்ளங்களின் டீசல் படலமும் இருக்கும், அது நுரையையும் கெடுக்கும் மீனையும் கெடுக்கும். கடல் அமைதியாக இருக்கிற மாதங்களில் நிலாவெளிப் பக்கம், ஆற்று முகத்துக்கும் வள்ளத் துறைக்கும் விலகி எடுத்து, துணியில் வடித்து, மூடிய பீப்பாய்களில் வெளிச்சம் படாமல் சேமித்து வையுங்கள். இரண்டு மாரி மாதங்களுக்கு வேண்டியதைச் சேர்க்க முடியாவிட்டால் அந்த மாதங்களுக்கு மட்டும் பொதி உப்பு வாங்குவது நல்லது.

கேள்வி: புறாத்தீவுக்குப் போனபோது ஒரு பவளக்கல் எடுத்துவந்து தொட்டியில் வைத்தேன். மறுநாளிலிருந்து கப்பில் கறுப்பாக, மூக்கைப் பொத்த வைக்கிற நாற்றத்தோடு நுரை. ஸ்கிம்மரில் என்ன பிழை?
வாசகர், நிலாவெளி

பதில்: ஸ்கிம்மரில் பிழை இல்லை, அது உங்கள் மீன்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. கல்லில் ஒட்டியிருந்த கடற்பஞ்சும் புழுவும் செத்து அழுகுகின்றன. கல்லை இன்றே வெளியே எடுங்கள், கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், கப்பைத் தினமும் கழுவுங்கள், முடிந்தால் அமோனியா பரிசோதியுங்கள். இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு கல்லும் எடுக்கச் சட்டம் இடம் கொடுக்காது. ஏற்கெனவே தேய்ந்துபோயிருக்கிற பாறை அது. நம் வாசலில் இருக்கிற பவளத்தை நாமே எடுத்தால் அங்கே என்ன மிஞ்சும்? தயவுசெய்து இனி எடுக்காதீர்கள்.

கேள்வி: கரண்ட் போய் வந்தால் ஒவ்வொரு முறையும் கப் வழிந்து தரை முழுக்க அழுக்கு. என்ன செய்வது?
வாசகி, கிண்ணியா

பதில்: கரண்ட் போனதும் மேல் தொட்டியிலிருந்து கொஞ்சத் தண்ணீர் சம்புக்கு இறங்கி மட்டம் உயர்ந்துவிடும். கரண்ட் வந்தவுடன் அந்த உயர்ந்த மட்டத்தில் ஸ்கிம்மர் தொடங்குவதால்தான் வழிகிறது. பம்ப் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து ஸ்கிம்மர் ஓடும்படி தாமதமாகத் திறக்கிற பிளக் ஒன்றைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் ஸ்கிம்மரின் பிளக்கைத் தனியாக வைத்து, கரண்ட் போன உடனே கழற்றி, பிறகு கையாலேயே போடுங்கள். மேல் தொட்டிக்குத் திரும்புகிற குழாயின் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரும்படி உயர்த்தினால் இறங்குகிற தண்ணீரும் குறையும். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் இல்லாமல் இருந்தபோது மீன்கள் செத்தது அழுக்கால் அல்ல, மூச்சுத் திணறித்தான். ஸ்கிம்மர் அழுக்கை எடுப்பதோடு தண்ணீருக்குக் காற்றையும் கொடுக்கிறது, அது நின்றால் அந்தக் காற்றும் நிற்கும். அதனால் பற்றரியில் ஓடுகிற சிறிய காற்றுப் பம்ப் ஒன்றை வாங்கி, சார்ஜ் ஏற்றித் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.