அயர்லாந்துத் தேர்தல் நேரத்தில் அங்குள்ள செய்தித்தாள்கள் நடுநிலையாக இருக்கின்றனவா? எதை நம்பிப் படிக்கலாம்?

டப்ளினில் பல வருடங்களாக இருக்கிறேன், தேர்தல் வந்தால் பத்திரிகைகளை விடாமல் படிப்பவன். என் பதில்: இல்லை. நடுநிலையாக இருக்க வேண்டும் என்று சட்டமும் அவர்களைக் கேட்பதில்லை.

வானொலி, தொலைக்காட்சிக்குத்தான் அந்தக் கட்டாயம். 2009ஆம் ஆண்டு ஒலிபரப்புச் சட்டப்படி அவர்கள் எல்லாத் தரப்புக்கும் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும். கட்சிகள் காசு கொடுத்து அங்கே விளம்பரம் செய்யவும் முடியாது. வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் மதியம் 2 மணியிலிருந்து பிரச்சாரப் பேச்சே கூடாது என்ற விதியும் ரொம்ப காலம் இருந்தது. 2024 பொதுத் தேர்தலுக்கு முன்புதான் அதை எடுத்தார்கள். செய்தித்தாளுக்கு இதில் எதுவும் பொருந்தாது. பத்திரிகை மன்றத்தின் நெறிமுறை செய்தியையும் கருத்தையும் கலக்காதே என்கிறது, ஆனால் தன் கருத்தை வலுவாகச் சொல்ல பத்திரிகைக்கு உரிமை உண்டு என்றும் ஏற்றுக்கொள்கிறது.

அந்த உரிமையை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்லும் உதாரணம் 1997. ஜூன் 6 வாக்குப்பதிவு. அதற்கு முந்தின நாள் காலையில் ஐரிஷ் இன்டிபென்டன்ட் நாளிதழ் தன் தலையங்கத்தை முதல் பக்கத்திலேயே போட்டது. இத்தனை வருடம் வரி கட்டிக் களைத்த மக்களுக்குத் திருப்பித் தரும் நேரம் இது, எதிர்க்கட்சியான ஃபியன்னா ஃபாலின் கூட்டணிக்கு வாக்களியுங்கள் என்பதுதான் அதன் சாரம். அப்போது ஆட்சியில் இருந்தது ஜான் புரூட்டனின் ஃபைன் கேல், லேபர், ஜனநாயக இடதுசாரி மூன்றும் சேர்ந்த கூட்டணி. அவர்கள் தோற்றார்கள், ஃபியன்னா ஃபால் தலைவர் பெர்ட்டி அஹெர்ன் பிரதமரானார். பத்திரிகை முதலாளி டோனி ஓரைலியின் தொழில் நலனுக்காகத்தான் அப்படி எழுதினார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது, பத்திரிகைத் தரப்பு மறுத்தது. அந்த ஒரு பக்கத்தால்தான் முடிவு மாறியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பதில் சொல்ல ஒரு நாள்கூட மிச்சம் இல்லாத நேரத்தில் அதைப் போட்டது தவறு என்றே நினைக்கிறேன். ஒரு வாரம் முன்னால் போட்டிருந்தால் எனக்கு ஆட்சேபணை இருந்திருக்காது.

சார்பு என்பது இங்கே புதிதும் இல்லை. ஃபியன்னா ஃபாலை நிறுவிய டி வலேரா 1931இல் ஐரிஷ் பிரஸ் பத்திரிகையைத் தொடங்கியதே, மற்ற நாளிதழ்கள் தன் கட்சியின் குரலைக் கேட்க விடுவதில்லை என்றுதான். அடுத்த வருடமே ஃபியன்னா ஃபால் ஆட்சிக்கு வந்தது. அதைக் கட்சிப் பத்திரிகை என்று தெரிந்தேதான் ஜனங்கள் வாங்கினார்கள், அதனால் யாரும் ஏமாறவில்லை.

எனக்கு இவற்றையெல்லாம்விடக் கவலை தருவது வேறு விதமான சார்பு. யாரைப் போட்டியில் இருப்பவராகவே கணக்கில் எடுக்கிறார்கள் என்பது. 2020 தேர்தலை நேரில் பார்த்தேன். தொடக்கத்தில் எங்கே திரும்பினாலும் அப்போதைய பிரதமரான ஃபைன் கேலின் லியோ வரட்கரா, ஃபியன்னா ஃபால் தலைவர் மைக்கேல் மார்ட்டினா என்ற ஒரே கேள்விதான். தலைப்பும் படமும் அந்த இருவருக்கே. நடுநிலை காக்கச் சட்டக் கடமை உள்ள பொது ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஇ தொலைக்காட்சியே கடைசி விவாதத்துக்கு அவர்களை மட்டும்தான் கூப்பிட்டிருந்தது. கருத்துக்கணிப்புகளில் சின் ஃபெயின் கட்சி ஏறியபிறகுதான், வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு, அதன் தலைவர் மேரி லூ மெக்டொனால்டுக்கும் இடம் கொடுத்தார்கள். பிப்ரவரி 8 முடிவில் முதல் விருப்ப வாக்குகளில் முதலிடம் சின் ஃபெயினுக்கு: 24.5 சதவீதம். யாரும் பொய் எழுதவில்லை. ஆனாலும் நாட்டில் நடந்துகொண்டிருந்ததைப் பெரிய ஊடகங்கள் தாமதமாகத்தான் பார்த்தன. நான் அந்தக் கட்சிக்காரன் இல்லை, ஆனால் அந்த வாரங்களில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

இங்கே வாக்குச்சீட்டில் ஒருவருக்கு முத்திரை குத்துவதோடு வேலை முடிவதில்லை. 1, 2, 3 என்று வரிசைப்படுத்த வேண்டும். ஒரு தொகுதியிலிருந்தே பலர் தேர்வாவார்கள் என்பதால், அதன் கடைசி இடத்துக்கான போட்டியில் நான்காவது, ஐந்தாவது விருப்பம்கூட ஒருவரை ஜெயிக்க வைக்கும். அதனால் சிறு கட்சிகளையும் சுயேச்சைகளையும் பற்றி எழுதாமல் விடுவது வாசகனின் சீட்டில் பாதியை இருட்டில் விடுவது மாதிரி.

சரி, எதைப் படிப்பது? உரிமையாளர்களும் குறைந்துவிட்டார்கள். ஐரிஷ் எக்ஸாமினரை 2018இல் ஐரிஷ் டைம்ஸ் வாங்கியது. இன்டிபென்டன்ட் குழுமம் அடுத்த வருடம் பெல்ஜியத்தின் மீடியாஹவுஸ் கைக்குப் போனது. நான் இந்த இரண்டு குழுமத்திலிருந்தும் ஒவ்வொரு பத்திரிகை எடுத்துக்கொள்வேன். தலையங்கத்துக்கு முன்னால் நிருபரின் செய்தியைப் படிப்பேன். அப்புறம் என் தொகுதி வேட்பாளர் பட்டியலை எடுத்துவைத்து, இரண்டு பத்திரிகையிலும் பெயரே வராதவர்கள் யார் என்று பார்த்து, அவர்கள் கதவுக்குக் கதவு கொடுத்துவிட்டுப் போன துண்டறிக்கையைத் தேடி எடுத்துப் படிப்பேன்.