கறிவேப்பிலைக்குக் குறைவது உரமா, வெயிலா?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். எதிரே புதுக் கட்டடம் எழும்பிய பிறகு அவர் வீட்டு ஜன்னல் கிரில்லில் இருக்கும் கறிவேப்பிலைச் செடியின் இலைகள் வெளிறிவிட்டன, தண்டு மட்டும் நெடுநெடுவென்று நீள்கிறது, மூன்று வகை உரம் போட்டும் பயனில்லை. உரம் விற்ற நர்சரிக்காரரே, இரவில் ஆக்சிஜன் தரும் என்று சொல்லி, படுக்கையறைக்கு ஒரு ஸ்நேக் பிளான்டையும் விற்றிருக்கிறார்.

அம்மா, முதலில் உரத்தை நிறுத்துங்கள். புட்டியின் மேல் "செடிக்கு உணவு" என்று அச்சிட்டிருந்தாலும் உரம் உணவன்று. சமையலுக்கு உப்பு எப்படியோ அப்படித்தான் அது. செடியின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 95 சதவீதம் கார்பன், ஆக்சிஜன், ஹைட்ரஜன். இவை காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வருபவை. இலையிலுள்ள பச்சையம் வெளிச்சத்தை வாங்கி, அந்த ஆற்றலால் தண்ணீரைப் பிளக்கிறது. அப்போது மிஞ்சும் ஆக்சிஜன் வெளியேற, கிடைத்த ஆற்றலைக் கொண்டு, இலைத்துளை வழியே நுழைந்த கரியமில வாயு சர்க்கரையாகிறது. வெளிச்சம் இல்லையென்றால் முதல் படியே நடக்காது. அரிசி போடாத உலையில் உப்பைக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் அது தேங்கிய உரஉப்பு. தொட்டியின் அடியில் ஒழுகும்வரை நல்ல தண்ணீரை இரண்டு மூன்று முறை ஊற்றிக் கழுவுங்கள்.

செடி இரவும் பகலும் சுவாசித்துச் சர்க்கரையைச் செலவழிக்கிறது. வரவு குறையும்போது பழைய இலைகளிலுள்ள தழைச்சத்தை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பும். அடியிலைகள் மஞ்சளாவது அதனால். தண்டு நீள்வது வளர்ச்சியன்று, வெளிச்சத்தைத் தேடும் தவிப்பு. "அறை நன்றாக வெளிச்சமாகத்தானே இருக்கிறது" என்பீர்கள். கண் ஏமாற்றும். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் நண்பகல் வெயில் ஏறத்தாழ 1 லட்சம் என்றால், கூடத்தின் நடுவே சில நூறுதான் இருக்கும்.

இனி ஸ்நேக் பிளான்ட். வியாபாரிகள் பிடித்துக்கொள்ளும் அரை உண்மை இதில் இருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். வறண்ட நிலத்துச் செடியாகிய அது, பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் நீரை இழந்துவிடும் என்று இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேர்த்துவைத்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு வெயிலில் சர்க்கரையாக்குகிறது. இரவில் அது வாங்குவது கரியமில வாயு, அதுவும் சொற்பம். ஆக்சிஜன் பிறப்பது தண்ணீர் பிளக்கும் பகலில் மட்டுமே. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 550 லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். ஒரு தொட்டிச் செடி அதற்கு எந்த மூலைக்கு? செடி பகலில் ஒன்றும் இரவில் வேறொன்றுமாகச் சுவாசிப்பதுபோல் பள்ளியில் நம்மை மனப்பாடம் செய்ய வைத்ததன் பலனை நர்சரிக்காரர்கள் அறுவடை செய்கிறார்கள்.

தெற்கு ஜன்னல் இருந்தால் செடியை அங்கே மாற்றுங்கள். மும்பையில் மே நடுவிலிருந்து ஜூலை இறுதி வரைதான் உச்சிச் சூரியன் வடக்கே சாயும், அதிலும் பாதி நாள் மழைமேகம். ஆகவே வடக்கு ஜன்னல் உதவாது. ஐந்தாறு மணி நேர நேர்வெயிலுக்கு மொட்டைமாடி உத்தமம். தொட்டி வைத்தால் தளம் ஒழுகும் என்று தடுக்கும் குடியிருப்புச் சொசைட்டிக் கமிட்டி, எதிர்க் கட்டடம் வெயிலை மறைத்தபோது வாய் திறந்ததா தெரியவில்லை. ஒரு தட்டு வைத்து அனுமதி கேட்டுப் பாருங்கள். இரண்டும் முடியாவிட்டால் சாதாரண வெள்ளை எல்இடி விளக்கை ஓரடி உயரத்தில் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடலாம். ஊதா விளக்கு என்று மூன்று மடங்கு விலை கேட்பவரிடம் போகாதீர்கள், பச்சையத்துக்கு வேண்டிய சிவப்பும் நீலமும் வெள்ளை ஒளியிலேயே உண்டு.

நிழலில் பழகிய இலை திடீர் வெயிலில் கருகும். முதல் வாரம் காலை வெயில் மட்டும் காட்டுங்கள். மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது. நீண்ட தண்டைப் பாதியில் வெட்டிவிட்டு, கணுவில் கொழுந்து விடும்வரை உரத்தைத் தொடாதீர்கள்.